குழாய்க்குள் போன தூது

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. ஒரு கதை சொல்லப்போகிறேன். ராஜா கிடையாது, பேய் கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு நாய்கள், ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான் சரக்கு. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அடக்கி வைத்தால் வயிறு வலிக்கும்.

வயல்களுக்கு நடுவே ஒரு வீடு. வாசலில் கை காட்டினால் பஸ் நிற்கும். வீட்டின் ஒரு பக்கம் தகரக் கொட்டகை. அக்கம்பக்கத்து வயல்களின் தண்ணீர் மோட்டார்களெல்லாம் நோய்வாய்ப்பட்டால் அங்கேதான் வந்து படுக்கும். அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவரை எல்லோரும் மோட்டார்க்காரர் என்றே கூப்பிடுவார்கள். கொட்டகைக்கு நேர் எதிரே ஜன்னல் வைத்த அறை. அங்கே தையல் மிஷினை ஓட்டிக்கொண்டு அவருடைய மனைவி. பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாண உடுப்பு வரை அந்த அம்மா கைப்படாத துணி அந்த வட்டாரத்தில் இல்லை. அவள் தையல்காரம்மா.

இரண்டு நாய்கள். மோட்டார்க்காரருடையது வால்வு. நெடுநெடுவென்று வளர்ந்த மஞ்சள் நாய். மூளை மட்டும் வளர மறந்துவிட்டது. தன் வாலையே யாரோ பின்னால் வருகிற ஆள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிக் குரைக்கும். தையல்காரம்மாவுடையது பாபின், மிஷினில் நூல் சுற்றுகிற உருளையின் பெயர். குட்டையாக, உருண்டையாக, புள்ளி போட்ட பெட்டை நாய். வீட்டு வரி வசூலிக்க வந்த அதிகாரி மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கும்.

கதை நடந்த அன்றைக்கு, அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஆனால் பேசாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவரவர் நாயிடம் சொல்வார்கள்.

"பாபின், சாப்பாடு ஆறிப்போகுதுன்னு அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு."

பாபின் எழுந்து போய் மோட்டார்க்காரர் முன்னால் உட்கார்ந்து அவரை முறைக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டின் முன் உட்காருவார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, காலடியில் எச்சில் ஒழுகப் படுத்திருக்கும் வால்வின் காதில், ஆனால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வால்வு, உப்பு கம்மின்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத. நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லு" என்பார்.

"பாபின், உப்பு அடுப்பு மேல இருக்கு. கை இருக்கிறவங்க எழுந்து எடுத்துப் போட்டுக்கலாம்னு சொல்லு."

இதில் சட்டம் ரொம்பக் கண்டிப்பு. ஒருவர் நாயை இன்னொருவர் தூது அனுப்பக் கூடாது. நாய் பக்கத்தில் இல்லாதபோது பேசவும் கூடாது. பேசினால் நேரே பேசினதாகிவிடும். நேரே முதலில் பேசுகிறவர் தோற்றவர். ஒருமுறை வால்வு எங்கோ சுற்றப் போயிருந்த நேரத்தில், மோட்டார்க்காரர் ரகசியமாகப் பாபினிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டி, "காபி கிடைக்குமான்னு கேளேன்" என்றார். பாபின் பிஸ்கட்டைத் தின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. லஞ்சம் வாங்கியும் வேலை செய்யாத ஜாதி அது.

சண்டை எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கத்தரிக்கோலுக்கு.

தைக்கிறவர்கள் வீட்டில் துணி வெட்டும் கத்தரிக்கோல் என்பது சாமான் அல்ல, அது ஒரு ஆள். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. காகிதம் வெட்டினாலே முனை மழுங்கிவிடும். மோட்டார்க்காரர் ஒரு நாள் அவசரத்துக்கு அதை எடுத்து, தடித்த ரப்பரில் பம்புக்கு ஒரு வாஷர் வெட்டிக்கொண்டார். துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தும் விட்டார். மறுநாள் தையல்காரம்மா வழவழவென்று ஒரு மெல்லிய துணியை விரித்துக் கத்தரியை ஓட்டினாள். கத்தரி துணியை வெட்டவில்லை, மென்றது. தூக்கிப் பார்த்தால் அலகின் இடுக்கில் கறுப்பு ரப்பர்த் தூள். எதிர்க் கொட்டகையில் பார்த்தால் பம்பில் புத்தம்புதுக் கறுப்பு வாஷர்.

கத்தரியும் கையுமாக வந்து நின்று, "யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

மனுஷன் "நான்தான்" என்று சொல்லியிருந்தால் ஒரு அரை மணி நேரத் திட்டோடு முடிந்திருக்கும். அவர் வாயில் என்ன சனி புகுந்ததோ, "எலி ஏதாவது பண்ணியிருக்கும்" என்றார்.

"எலி?"

"ஆமா. எலித் தொல்லை இப்போ ஜாஸ்தியா இருக்கில்ல."

"எலி வந்து, கத்தரிக்கோலை எடுத்து, ரப்பரை வட்டமா வெட்டி, நடுவுல ஓட்டையும் போட்டுட்டுப் போச்சா?"

சொன்ன பொய்யிலிருந்து இறங்க ஏணி கிடைக்கவில்லை அவருக்கு. "பெரிய எலியா இருக்கும்" என்றார்.

அன்றைக்கு மூடியதுதான் பேச்சு. கத்தரிக்கோலைக்கூட அவள் மன்னித்திருப்பாள், கண்ணுகளா. அந்த எலியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சரி, நம் நாளுக்கு வருவோம். ரொம்ப அமைதியான நாள். காற்றுகூட யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று மெல்ல நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தையல்காரம்மா மிஷினுக்கு உறை போட்டாள். அந்த நேரத்தில் அவள் உறை போட்டதே இல்லை. மோட்டார்க்காரருக்குக் கொட்டகையில் கை நின்றுவிட்டது. அவள் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"பாபின், சாயங்கால பஸ்ஸுக்கு நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. எப்போ வருவேன்னு தெரியாது. அங்கே எலியே கிடையாதாம்னும் சொல்லு."

பாபின் முற்றத்தைக் கடந்து வந்து, அவர் எதிரே உட்கார்ந்து முறைத்தது. அந்த முறைப்பிலேயே பெட்டி படுக்கை எல்லாம் தெரிந்தது.

மோட்டார்க்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். மிஷின் ஓடும் சத்தம் இருந்தால்தான் அவர் கைக்கு வேலை ஓடும். எதிர் ஜன்னலில் கடகடவென்று அது ஓட, இங்கே இவர் முறுக்குவார், தட்டுவார், ஊதுவார். அது நின்றால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவார். முன்னொரு தரம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மிஷின் முன்னால் உட்கார்ந்து காலால் வெறுமனே மிதித்துப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தைகள்தான் என்று அவருக்குத் தெரியும். எலி இல்லை, நான்தான். எண்ணெய் தடவி எண்ணெய் தடவித் துருப்பிடித்த நட்டைக் கழற்றுகிற மாதிரி, மோட்டார்களுக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "எலி... அது வந்து... எலின்னு நான் சொன்னேன்ல..." ஒரு வழியாக வாக்கியம் அசைந்து கொடுத்தது. முகம் கழுவினார். தலை வாரினார். நேரே பேச வேண்டாம், வால்வு மூலமாகவே சொல்லிவிடலாம், மானமும் போகாது, பெண்டாட்டியும் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"வால்வு! டேய் வால்வு!"

வால்வு இல்லை. கொட்டகையில் இல்லை, மரத்தடியில் இல்லை, பக்கத்து வயலின் சகதியிலும் இல்லை. எப்போதும் காலைச் சுற்றிக்கொண்டு தடுக்கி விழவைக்கிற நாய், வேண்டிய நேரத்தில் மாயமாகிவிட்டது.

அப்போது வாசலில் தையல்காரம்மாவின் குரல். வெளியூர் போகிற உடுப்பு, கையில் பை, ஒரு காலில் செருப்பு. இன்னொரு கால் வெறுங்காலாக இருந்தது.

"பாபின்! என் செருப்புல ஒண்ணைக் காணோம். போக விடாம பண்றதுக்கு நாய்க்குத் திருட்டுப் பழக்கம் கத்துக் கொடுத்திருக்காரான்னு கேளு! எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லப் போறாரான்னும் கேட்டுட்டு வா!"

மோட்டார்க்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தரிக்கோல் பாவம் அவருடையதுதான். ஆனால் செருப்பு சத்தியமாக அவர் எடுத்ததல்ல. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். வால்வு இல்லையே! வாயை மூடினார். மறுபடி திறந்தார். கரையில் போட்ட மீன் மாதிரி நின்றார். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, வானத்தைக் காட்டினார்.

"பாபின், அவருக்கு என்ன, வயித்து வலியா?"

செருப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று தேட ஆரம்பித்தார் மோட்டார்க்காரர். அவர் நிலைமையைப் பாருங்கள், கண்ணுகளா. கண்டுபிடித்தால் அவள் பஸ் ஏறிவிடுவாள். கண்டுபிடிக்காவிட்டால் இவர் திருடன் என்றாகிவிடும், வெறுங்காலோடாவது அவள் ஏறிவிடுவாள். தேடவும் வேண்டும், கிடைக்கவும் கூடாது. அப்படியொரு தேடலை நான் கேள்விப்பட்டதில்லை.

முற்றத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. யாரோ வாய்க்காலுக்குப் போட வாங்கி, அளவு தப்பிப்போய் அங்கேயே விட்டது. நீளமோ நீளம். அகலம் ஒரு நாய் நுழையலாம், ஆனால் திரும்ப முடியாது. அந்தக் குழாய்க்குள்ளிருந்து 'சளப், சளப்' என்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தார். உள்ளே, நட்ட நடுவில், நிழலும் குளிர்ச்சியுமாக இடம் பிடித்துப் படுத்து, செருப்பை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது வால்வு. ஏன் எடுத்தது என்றால் அதற்கே தெரியாது. பை கட்டுகிற வாசனை அதற்கும் பிடிக்கவில்லையோ என்னவோ.

"வாடா ராஜா, வெளிய வா" என்று கெஞ்சினார். அவருடைய குரல் குழாய்க்குள் போய் அடுத்த முனையில் யானை பிளிறுகிற மாதிரி வெளியே வந்தது. வால்வு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒட்டிப் படுத்தது.

தையல்காரம்மா அடுத்த முனைக்கு வந்து குனிந்தாள். தன் செருப்பைப் பார்த்தாள். "பாபின், உள்ள போய்ப் பிடுங்கிட்டு வா!" என்றாள்.

பாபின் போனது. போய்ச் செருப்பின் மறுமுனையைக் கவ்வியது. அப்புறம் கேட்க வேண்டுமா? இந்தப் பக்கம் வால்வு இழுக்க, அந்தப் பக்கம் பாபின் இழுக்க, குழாய் முழுக்க உறுமல். முற்றத்தில் ஏதோ பெரிய மோட்டார் ஓடுகிற மாதிரி குழாய் அதிர்ந்தது. நெட்டையன் விட மாட்டான், குட்டையும் விடாது. உருண்டை உடம்பு வேறா, கொஞ்ச நேரத்தில் பாபின் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சிக்கிக்கொண்டது. உறுமல் போய் ஊளை வந்தது.

ஒரு முனையில் புருஷன். மறுமுனையில் பெண்டாட்டி. இரண்டு நாயும் உள்ளே. வெளியே தூது போக ஒரு ஜீவன் இல்லை.

தையல்காரம்மா, "பாபின், அந்த முனையைத் தூக்கச்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோட்டார்க்காரர் தன் முனையைக் காட்டி, பிறகு அவளைக் காட்டி, இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவளுக்கு அது கும்பிடுகிற மாதிரி தெரிந்தது. அவள் தன் முனையைக் காலால் மிதித்து, தலையை இடம் வலம் ஆட்டினாள். அவருக்கு அது உதைக்கிற மாதிரி தெரிந்தது. அவர் தனியாகத் தூக்கினார். குழாய் நழுவி உருண்டது. நாய்கள் தலைகீழாகி இரண்டு சுரத்தில் பாடின.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றது பஸ்.

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, வர்றீங்களா இல்லையா? என்ன அது, குழாய் அழுவுது?"

இருவருக்கும் உயிர் வந்தது. தையல்காரம்மா சட்டென்று கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த முனையைத் தூக்கச் சொல்லுப்பா. இந்த முனை உருளாம நான் மிதிச்சுக்கறேன்."

"யார்கிட்ட?"

"அதோ நிக்கிறாரே, அவர்கிட்ட."

கண்டக்டர் மோட்டார்க்காரரைப் பார்த்தார். குழாயின் அந்த முனைதான், சாதாரணமாகப் பேசினாலே கேட்கும். "அண்ணே, தூக்கணுமாம்" என்றார் குழப்பத்தோடு.

"தூக்கறேன், ஆனா பார்த்து நிக்கச் சொல்லு தம்பி, கால்ல விழுந்துடப் போகுது."

"அக்கா, பார்த்து நிக்கணுமாம்."

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம்ணே."

பஸ் ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. மோட்டார்க்காரர் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அவள் மிதித்துப் பிடித்தாள். குழாய் சரிந்தது, ஒரு பெரிய தும்மல் மாதிரி சத்தம் வந்தது, பாபினும் வால்வும் செருப்பும் ஒரே உருண்டையாக அவள் காலடியில் வந்து விழுந்தன. பஸ்ஸில் கைதட்டல். நாய்கள் இரண்டும் எழுந்து உதறிக்கொண்டு, ஒன்றையொன்று பார்க்காமல் நேரே பஸ்ஸுக்குள் ஏறி, முன் ஸீட்டில் பக்கம் பக்கமாக உட்கார்ந்துகொண்டன. போதும் இந்த வீட்டு வேலை என்று முடிவெடுத்த மாதிரி.

தையல்காரம்மா செருப்பை எடுத்துப் பார்த்தாள். ஈரம்தான். கிழியவில்லை. துடைத்துக் காலில் மாட்டினாள். பையை எடுத்தாள். இனி அவளைத் தடுக்க ஒன்றும் இல்லை.

மோட்டார்க்காரர் பஸ்ஸைப் பார்த்தார். உள்ளே வால்வு ஜன்னல் வழியாக, முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தது. அவர் ஓடிப்போய்க் கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த எலி இருக்கில்ல, அது..."

கண்டக்டர் தோளை விடுவித்துக்கொண்டார். "ஏண்ணே, நான் என்ன நாயா? அவங்க இதோ நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். இதைவிட நல்ல வேடிக்கை அடுத்த நிறுத்தத்தில் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

மோட்டார்க்காரர் திரும்பினார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாயிற்று! கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது. நட்டு கழன்றது.

"எலி இல்ல" என்றார். "நான்தான். ரப்பர் வெட்டினேன். நான்தான் வெட்டினேன். நீ போகாத."

"சத்தமா சொல்லுங்க, பின்னாடி கேக்கல!" என்றது கடைசி ஸீட்.

"யாரு அந்த எலி?" என்று ஒரு பெரியம்மா பக்கத்து ஆளை இடித்தாள்.

"நான்தாங்க எலி!" என்று கத்தினார் மோட்டார்க்காரர். வயலில் மேய்ந்த கொக்குகள் பறந்தன.

தையல்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா, பஸ்ஸில் இருந்தவர்கள் போகும் வழியெல்லாம் அதைப் பற்றி விவாதித்தார்களாம். அப்புறம் கையிலிருந்த பையை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு பஸ்ஸே வர வேண்டியிருக்கா?"

"தம்பி," என்றாள் கண்டக்டரிடம், "போற வழியில எங்கக்கா வீட்டு வாசல்ல நிறுத்தி, ஒரு நாள் ரெண்டு பேருமா வர்றோம்னு சொல்லிடுப்பா."

"மறுபடியும் நானா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் கண்டக்டர். "சரிக்கா. முதல்ல இந்த ரெண்டு பயணிகளையும் இறக்குங்க. டிக்கெட் எடுக்க மாட்டேங்குதுங்க."

நாய்களை இறக்கப் பட்ட பாடு தனிக் கதை. பாபினை ஒருவர் முன்னால் இழுக்க ஒருவர் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

பஸ் போனதும் அவள் திட்ட ஆரம்பித்தாள் பாருங்கள். அத்தனை நாளும் நாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தது, இப்போது அணை உடைந்த மாதிரி. கத்தரிக்கோலுக்கு ஒரு பாட்டு, உப்புக்கு ஒரு பாட்டு, முற்றத்தில் குழாயைப் போட்டு வைத்ததற்கு ஒரு பாட்டு. மோட்டார்க்காரர் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனார், ஒரு வார்த்தை தவறாமல் கேட்டுக்கொண்டு, முகமெல்லாம் அசடு வழிய.

அடுப்படியில் பானையை இறக்கி வைத்துவிட்டு அவள் திடீரென்று நின்றாள். "அது சரி, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? ஏன் எலி மேல பழி போட்டீங்க?"

"பயமா இருந்துச்சு."

"என்கிட்ட உங்களுக்கு என்ன பயம்?"

"கத்தரிக்கோல் உன் கையில இருந்துச்சே" என்றார் அவர்.

அவள் சிரித்த சிரிப்பில் பாபினே எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் விளக்கு எரியட்டும், பானை நிறையட்டும். கோபம் வந்தாலும் சாப்பாட்டு வேளைக்குள் போய்விடட்டும். பேச ஆளும், கேட்க ஆளும் உங்களுக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற வாலுள்ள ஜீவனும் வாலில்லாத ஜீவனும் வயிறு நிறைந்து தூங்கட்டும். நல்லா இருங்க.